மணிமுத்தாறு சாலையில் ஐந்து நொடி மௌனம்

அக்டோபர் முதல் வாரம், பள்ளிகளின் காலாண்டு விடுமுறை முடிவதற்குள், மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் வந்தேன். அருவிக்காகவோ கோயிலுக்காகவோ போகவில்லை. ஒரு திரைப்படத்தில் வரும் ஐந்து நொடிக்காகப் போனேன். அதனால் வழக்கமாக இங்கே என் பயணக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு இந்தப் பதிவு கொஞ்சம் தடம் மாறியதாகத் தோன்றலாம். ரயில், பேருந்து, ஆட்டோ செலவெல்லாம் வழக்கம்போல உள்ளே இருக்கிறது. படம் வெளியான பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை பதிவுகளில் அதைச் சொன்னதில்லை. பார்வையற்றவர்கள் படம் பார்ப்பதற்கான விவரிப்பை எழுதுகிறேன். வசனம் இல்லாத இடைவெளிகளில் ஒரு குரல், 'அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறாள்' என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகும் இல்லையா, அந்த வாக்கியங்கள் என்னுடையவை. நான்கு வருடங்களுக்கு முன்பு தொடங்கியபோது இதை யாரும் பொருட்படுத்தவில்லை. படம் முடிந்து, வெற்றி விழாவும் முடிந்து, நேரம் மிச்சம் இருந்தால் செய்கிற காரியம். இப்போது விதிகள் வந்துவிட்டன. எனக்கு வேலை வரும் ஓடிடி தளத்தில் கூடுதலாக ஒரு படியும் உண்டு. பார்வையற்ற ஒருவர் முழுப் படத்தையும் கேட்டு, சரி என்று படிவத்தில் ஒப்புதல் தந்தால்தான் படத்தை வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் ஒலியில் எதை மாற்றினாலும் அதே நபர் மறுபடி கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவை மென்பொருளே எழுதிவிடுகிறது. நான் அதைத் திருத்துகிறேன்.

இந்தப் படத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் எஸ்தர் டீச்சர். பாளையங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். பிறவியிலேயே பார்வை இல்லை. அவருக்கு இது மூன்றாவது படம். அவருடைய ஊர்ப்பக்கம் எடுக்கப்பட்டதில் முதலாவது. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வரப்போவதும் முதல் முறை.

படத்தின் நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் ஒரு பேருந்துக் காட்சி. கல்லூரி மாணவனான நாயகன் நெரிசலில் நிற்கிறான். மேலே கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்துகிறான். சட்டைக் கை சரிந்து மணிக்கட்டில் ஒரு கயிறு தெரிகிறது. 'கையை உயர்த்துகிறான்' என்று மட்டும் மென்பொருள் எழுதியிருந்தது. 'மணிக்கட்டில் கறுப்புத் திருஷ்டிக் கயிறு' என்று நான் சேர்த்தேன். இயந்திரம் தவறவிட்டதைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

விவரிப்பு இல்லாமல் ஒரு முறை, விவரிப்போடு ஒரு முறை கேட்பது டீச்சரின் பழக்கம். கேட்டுவிட்டுக் குரல் செய்தி அனுப்பினார்.

"கயிறு கறுப்பா? நல்லா பாத்தீங்களா? அந்த எடத்துல பஸ்ஸே பேச்ச நிறுத்துது. ஒரு அஞ்சு நொடி. எங்க ஊர்ப்பக்கம் கறுப்புக் கயித்துக்கு எவனும் வாய மூட மாட்டான்."

இந்தப் பகுதி மாணவர்கள் சிலர் தங்கள் சாதியைக் காட்ட அதற்கென்று உள்ள நிறங்களில் கயிறு கட்டுவதும், பள்ளிகளில் அதற்குத் தடை இருப்பதும் செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கறுப்பு எந்தச் சாதியின் நிறமும் இல்லை. கண்ணேறு படாமல் இருக்க ஊரில் பாதிப் பேர் கட்டுவது அது. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கறுப்புதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டீச்சர் சொன்னதும் சரிதான். வெங்காய விலை பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல் பாதியில் நின்றது. யாரையோ திட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளின் குரலும் நின்றது. இன்ஜின் சத்தம் மட்டும் ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியின் மேல்தான் 'கறுப்புத் திருஷ்டிக் கயிறு' என்று என் வாக்கியத்தை வைத்திருந்தேன்.

படத் தயாரிப்பின் இறுதிக்கட்ட வேலைகளைக் கவனிக்கும் பிரபுவிடம் கேட்டேன். "கறுப்புதாங்க. படத்துல என்ன இருக்கோ அதைத்தானே எழுதியிருக்கீங்க? அந்த பிளைண்ட் லேடி ரொம்ப யோசிக்கிறாங்க. திங்கட்கிழமை ஒப்படைக்கணும். அவங்க சரிப்படலைன்னா சென்னையிலேயே வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்றார்.

டீச்சரிடம் அப்படியே சொன்னேன். "பாத்துக்கட்டும். காரணம் தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். வியாழக்கிழமை இரவு ரயிலில் சீட்டு எடுத்தேன். என் கண்ணும் அவர் காதும் ஒத்துப்போகவில்லை. அதை நேரில் உட்கார்ந்துதான் தீர்க்க முடியும் என்று நினைத்தேன்.

எழும்பூரிலிருந்து படுக்கை வசதி 415 ரூபாய். காலை ஆறு ஐம்பதுக்குத் திருநெல்வேலி சந்திப்பு. சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐந்து கிலோமீட்டர், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. மார்க்கெட் அருகே ஒரு விடுதியில் தனி அறை, ஏசி இல்லாமல், நாளுக்கு 900. தண்ணீர் நன்றாக வருகிறது, கொசுவும் வருகிறது. பத்தரை மணிக்கு டீச்சர் வீட்டில் இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து இருவரும் ஆளுக்கொரு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டோம். அந்தக் காட்சியைப் பதினேழு முறை ஓட்டினேன். டீச்சர் கேட்கக் கேட்க நான் பார்த்ததைச் சொன்னேன்.

"பக்கத்துல நிக்கவன் என்ன செய்யுதான்?"

"கையைப் பார்க்கிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்."

"உக்காந்திருக்க பொம்பள?"

"அவளும் பார்க்கிறாள்."

"திருஷ்டிக் கயித்தயா?"

டீச்சரின் கைபேசி இதற்கிடையில் வந்த செய்திகளையெல்லாம் நமக்குப் புரியாத வேகத்தில் வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு, இவங்களுக்குக் கயிறுன்னா என்னன்னே தெரியாம எடுத்திருக்கணும். இல்ல, நல்லாத் தெரிஞ்சிருக்கணும். நாளைக்கு அந்த சீன் எடுத்த மணிமுத்தாறு ரோட்டுக்கே போயிருவமா? பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் உள்ளூர்க்காரங்கதான். குரலக் கேட்டாலே தெரியுது."

எனக்கு இந்த யோசனை வந்திருக்கவில்லை. நான் படத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செங்கோட்டை பாசஞ்சர். கல்லிடைக்குறிச்சிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், பத்து ரூபாய், ஐம்பது நிமிடம். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கார் பருவ அறுவடை முடிந்த இடங்களில் வைக்கோல் கிடந்தது. மற்ற இடங்களில் நெல் சாய்ந்து நின்றது. வேலைப் பழக்கத்தில் இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீரவநல்லூரில் டீச்சர் என் கையைத் தட்டினார். "ஏளா, கொஞ்ச நேரம் சும்மா வாயேன். வைக்கல் மணக்குது, எனக்குத் தெரியாதா?" அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

கல்லிடைக்குறிச்சியில் ஸ்டேஷன் அருகே இட்லி, வடை, காபி, இருவருக்கும் சேர்த்து 130. பக்கத்துத் தெருக்களில் அப்பளம் வாங்கலாம். திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அருவிக்குப் போய் வருவதற்குள் நொறுங்கிவிடும். மணிமுத்தாறு அணை, அருவி இரண்டுக்கும் போய், காத்திருந்து திரும்ப, ஆட்டோவுக்கு எண்ணூறு கேட்டு எழுநூறுக்கு ஒத்துக்கொண்டார் சுடலை அண்ணாச்சி. ஐம்பது வயது இருக்கும். வண்டி கிளம்பியதும் பேச்சும் கிளம்பியது. பாளையங்கோட்டையிலிருந்து வருகிறோம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

"இந்த ரோட்டுல சினிமா சூட்டிங் நடந்துச்சாமே அண்ணாச்சி, பஸ்ஸ வச்சு?" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"நடந்துச்சாமேவா? நானே நடிச்சிருக்கேன்லா."

"ஹீரோவாவா?"

"பஸ்ஸுல போறவனா, டீச்சர். நாலாவது சீட்டு. ஜன்னல் பக்கம் கேட்டேன், தர மாட்டேன்னுட்டானுவ."

"வசனம் உண்டா?"

"டைரக்டரு ரொம்பத் தங்கமான பையன். 'அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு எப்பவும் போலப் பேசிட்டு வாங்க'ன்னாரு. நான் எங்க மச்சானத் திட்டிட்டே வந்தேன். மூணு மணி நேரம்! வீட்டுல திட்ட முடியுமா? அதுக்குச் சாப்பாடும் போட்டு ரூவாயும் குடுத்தானுவ."

டீச்சர் என் பக்கம் சாய்ந்தார். அந்தத் திட்டுகிற குரல் இதுதான் என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, நடுவுல எல்லாரும் பேச்ச நிறுத்துதீங்களே, அதுவும் டைரக்டர் சொல்லித்தானா?"

ஆட்டோ கொஞ்சம் பைய ஓடத் தொடங்கியது. கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "அவரு ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் கையத் தூக்குனான். கயிறு தெரிஞ்சுது. நாங்களா நிறுத்திட்டோம். யாரு மொதல்ல நிறுத்துனான்னுகூடத் தெரியாது. டைரக்டரு, 'இது போதும், இன்னொரு தரம் வேண்டாம்'னுட்டாரு."

"என்ன நிறக் கயிறு?"

"நீங்க பாளையங்கோட்டைல எங்கன இருக்கீக?"

டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எங்க தெருவச் சொன்னாத்தான் நிறத்தச் சொல்லுவீகளோ? நான் எந்தத் தெருவா இருந்தாலும் எனக்கு எல்லா நிறமும் ஒண்ணுதான் அண்ணாச்சி, கண்ணு தெரியாது."

அண்ணாச்சியும் சங்கடமாகச் சிரித்தார். வாய்க்கால் பாலத்தருகே வண்டியை ஓரம் கட்டி, திரும்பி உட்கார்ந்து, தணிந்த குரலில் இரண்டு நிறங்களைச் சொன்னார். இரண்டும் சேர்ந்து முறுக்கிய கயிறு. கறுப்பு அதில் இல்லை.

"படத்தில் கறுப்பாக இருக்கிறதே?" என்றேன்.

"கறுப்பா?" நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தேம்மா. கறுப்புன்னா நான் எதுக்கு நிறுத்துதேன்?" பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்ப என் பேச்சயும் மாத்திருப்பானுவளோ?"

அணையை நோக்கிப் போகும்போது எனக்கு மெல்லப் பிடிபட்டது. எடுத்த பிறகு கணினியில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது ஒரு பிற்பகல் வேலை. ஒவ்வொரு சட்டகத்திலும் கயிற்றைக் கண்டுபிடித்து வேறு நிறம் பூசிவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. வழக்குக்குப் பயந்தார்களா, கலவரத்துக்குப் பயந்தார்களா, அல்லது எந்தச் சாதியையும் காட்ட வேண்டாம் என்ற நல்லெண்ணமா? மூன்றுமே சாத்தியம், மூன்றையும் என்னால் புரிந்துகொள்ளவும் முடிகிறது. ஒலியைத் தொட அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு ஒரு படம், கேட்பவர்களுக்கு இன்னொரு படம் என்று ஆகிவிட்டது.

அணையிலிருந்து அருவிக்கு மலைச்சாலையில் ஆறு கிலோமீட்டர். சோதனைச் சாவடியில் ஆளுக்கு முப்பது வாங்கினார்கள், பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாறை வழுக்கும். பெண்கள் குளிக்கும் பக்கம் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அதை விடாதீர்கள். டீச்சர் சுடிதாரோடு நேராக நீருக்குள் போய் நின்றுவிட்டார். நான் கரையில் நின்று அவருடைய கைத்தடியையும் எங்கள் பைகளையும் காவல் காத்தேன். நாலாபுறமும் ஆள்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். என் காதில் மட்டும் அந்தப் பேருந்து ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் அணைப் பூங்காவில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். அப்போதுதான் கேட்டேன்: "டீச்சர், நான் அந்த இரண்டு நிறத்தையும் விவரிப்பில் எழுதிவிடட்டுமா?"

எழுத முடியும். பிரபு விவரிப்பை வரிக்கு வரி கேட்கிறவர் அல்ல. டீச்சர் ஒப்புக்கொண்டால் அப்படியே போய்விடும். உண்மையான கயிறு அந்தப் படத்தில் ஒரே ஓர் இடத்தில், பார்வையற்றவர்களின் காதில் மட்டும் இருக்கும். எனக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. ஒரு நாயகனோ முதலாளியோ செய்ய முடியாததை, பெயர்ப் பட்டியலின் கடைசியில் வருகிற நாங்கள் இருவர் செய்துவிடலாம்.

டீச்சர் துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"ஒன்பதாம் கிளாஸ்ல ஜோடி ஜோடியா உக்கார வச்சு ஒரு வேல குடுத்தேன். ரெண்டு வருசம் முன்ன. ரெண்டு பயலுவள ஒரே பெஞ்சுல சேத்துவிட்டேன். ரெண்டு பேரும் நல்லாப் படிக்கவனுவ. கிளாஸ் அமைதியாயிட்டு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நம்ம மேல மரியாதன்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல அடிச்சுக்கிட்டானுவ. ஒருத்தனுக்கு வெரல் முறிஞ்சு போச்சு, எழுதுத கை. ரெண்டு பேரு கையிலயும் கயிறு. நாப்பது பிள்ளைகளுக்கும் தெரிஞ்சிருக்கு. பியூனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

"தெரிந்திருந்தால் மாற்றி உட்கார வைத்திருப்பீர்களா?"

"அதத்தான் ரெண்டு வருசமா யோசிக்கேன். மாத்தி வச்சிருந்தா, நானும் கயிறு பாத்து உக்கார வைக்க டீச்சர்தானே? மாத்தாம இருந்தா வெரலு போவுது. எது சரின்னு இன்னைக்கும் தெரியல. ஆனா தெரிஞ்சுட்டுக் குழம்புததும் தெரியாமக் குழம்புததும் ஒண்ணு இல்லளா."

"அதற்காகத்தான் எழுதட்டுமா என்கிறேன்."

"வேண்டாம். எல்லாருக்கும் தெரியுதது எனக்கும் தெரியணும். அதான் நான் கேக்குதது. எனக்கு மட்டும் தனியா ஒரு படம் போட்டுத் தரச் சொல்லல. எல்லாருக்கும் குடுத்த பொய்ய எனக்கும் குடு. கறுப்புன்னே எழுது. ஆனா அந்த அஞ்சு நொடி மேல நீ பேசாத."

நான் கொஞ்சம் ஏமாந்துபோனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. அது நியாயமாக இருப்பதில் ஒரு கோபமும் வந்தது. அணைச் சுவரில் ஒரு குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது. அதற்குமுன் எந்தப் பயணத்திலும் நான் யாருடைய மணிக்கட்டையும் பார்த்ததில்லை.

மாலை பாளையங்கோட்டை திரும்பியதும் வாக்கியத்தை மாற்றினேன். 'திருஷ்டி' என்பதை எடுத்தேன், அது என் ஊகம். 'கையை உயர்த்துகிறான். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அருகிலிருப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள்.' இவ்வளவையும் இன்ஜின் உறுமுகிற, பேச்சு நடக்கிற முந்தைய நொடிகளுக்குள் நகர்த்தினேன். ஐந்து நொடி காலியாக இருந்தது. டீச்சர் கேட்டார், ஒப்புதல் தந்தார். படிவத்தின் கீழே 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் அதை நிரப்புவதில்லை. டீச்சர் நிரப்பினார்: 'பேருந்தில் பேச்சு நிற்கிறது. நிற்பதற்கான காரணம் படத்தில் இல்லை.' படிவத்தை அன்றிரவே பிரபுவுக்கு அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து டீச்சர் வந்தபோது பதினொரு மணி. அதற்குள் பிரபுவின் செய்தி வந்திருந்தது. 'சூப்பர் பாயிண்ட்! டீச்சருக்கு தேங்க்ஸ் சொல்லுங்க. சரி பண்ணிட்டோம்.' கூடவே புதிய ஒலியோடு அந்தக் காட்சி.

ஓட்டிப் பார்த்தோம். ஐந்து நொடி இல்லை. அங்கே ஒரு பேருந்து நிறையப் பேச்சு, மென்பொருளில் செய்தது. வெங்காயக்காரப் பெண்ணும் அண்ணாச்சியும் அதன் கீழே அமுங்கிப்போயிருந்தார்கள்.

டீச்சர் இரண்டாவது தடவையும் கேட்டார். "இது என்ன பேசுது? ஒரு வார்த்த வெளங்குதா உனக்கு?"

விளங்கவில்லை. பேச்சு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாங்கள்தான் காட்டிக்கொடுத்திருக்கிறோம். கண்ணுக்குப் பூசிய பொய்யில் ஒரு விரிசல் இருப்பதை அவர் காது கண்டுபிடித்தது. அந்தக் காதை வைத்தே விரிசலை அடைத்துவிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று நான் நம்பிச் செய்கிற வேலை இதற்கா பயன்படுகிறது? டீச்சர் அதற்குள் வேறொன்றை யோசித்துவிட்டிருந்தார்.

"ஒலிய மாத்துனா நான் திருப்பி ஒப்புதல் குடுக்கணும்லா?"

"ஆமாம்."

"குடுக்கலன்னு சொல்லு."

சொன்னேன். மூன்று நிமிடத்தில் பிரபு அழைத்தார். "மேடம் பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் பேசலாமா?" வியாழக்கிழமை வரை 'அந்த பிளைண்ட் லேடி'. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேடம், நீங்க சொன்னதைத்தானே சரி பண்ணினோம்? காரணம் இல்லாம பேச்சு நிக்குதுன்னு நீங்கதான எழுதினீங்க?"

"தம்பி, காரணம் இல்லன்னுதான் எழுதுனேன். பேச்ச நெரப்புங்கன்னு எழுதல."

"நாளைக்குக் காலையில ஒப்படைக்கணும் மேடம். இப்ப இன்னொருத்தரை வச்சு முழுப் படத்தையும் கேட்க வைக்க எனக்கு நேரமே இல்லை."

"அது எனக்கும் தெரியும். கயித்துல நான் கை வைக்கல தம்பி. கறுப்புன்னா கறுப்பு, அது உங்க படம். ஆனா அந்த அஞ்சு நொடி நீங்க சொல்லிக் குடுத்து வந்தது இல்ல. பஸ்ஸுல இருந்தவங்க அவங்களா நிறுத்துனது. அத நிறுத்துன எடத்துலயே வச்சிருங்க. நேத்தைக்குக் குடுத்த ஒப்புதல் அப்படியே இருக்கும்."

டைரக்டரிடம் கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொல்லிப் பிரபு வைத்துவிட்டார்.

மதியச் சாப்பாடு டீச்சர் வீட்டில். சாளை மீன் குழம்பு. அவர் நன்றாகச் சாப்பிட்டார், எனக்கு இறங்கவில்லை. "பேர எடுத்திருவானுவளோ?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவருக்கும் அந்தப் பெயர் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலரை மணிக்குப் பதில் வந்தது. 'பழைய ஒலியே போகிறது. டைரக்டர் மேடத்துக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.' அந்த வணக்கத்துக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் அந்த ஐந்து நொடி வேண்டியிருந்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்கத் தைரியம் இல்லாதவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம்.

இது வெற்றியா? ரயிலில் ஏறிய பிறகும் முடிவுக்கு வர முடியவில்லை. பாளையங்கோட்டையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், சென்னையில் பூட்டிய அறைக்குள் நடந்த வேலையைத் திருப்பி வைத்தார். சில வருடங்களுக்கு முன்பு நினைத்தும் பார்த்திருக்க முடியாது. ஆனால் திரும்பி வந்தது பாதிதான். கயிறு கறுப்பாகவே இருக்கிறது. அந்த இரண்டு நிறங்களை நானும் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். எழுதினால் இந்தப் பதிவு ஒரு சாதியைப் பற்றியதாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரபுவும் யாரிடமாவது இதையேதான் சொல்லியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மூன்று நாளில் என் மொத்தச் செலவு, போகவர ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. பாசஞ்சரை விட்டால் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் போகும் பேருந்துகள் கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகின்றன, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அருவிக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது. மழைக்காலத்தில் வனத்துறையினர் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பார்வையற்றவர்களோடு போனால் பாறைப் பக்கம் ஒருவர் கையைக் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டோவில் நீங்கள் எந்த ஊர், அங்கே எந்தத் தெரு என்று கேட்பார்கள். பதில் சொல்வதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் போன மாதம் வந்தது. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் சுடலை அண்ணாச்சி மச்சானைத் திட்டுகிறார். கை உயர்கிறது. கறுப்புக் கயிறு. ஐந்து நொடி. படத்துக்குக் கீழே இணையத்தில் பலர் கேட்டிருந்தார்கள்: பேருந்தில் ஏன் எல்லாரும் திடீரென்று பேச்சை நிறுத்துகிறார்கள்? ஒலியில் கோளாறா? ஒரு கறுப்புக் கயிற்றுக்கு இவ்வளவு எதற்கு? திருநெல்வேலிக்காரர் போலிருந்த ஒருவர் மட்டும், 'கயிறு சரியில்லை' என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்திருந்தார். டீச்சரை அழைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"எல்லாரும் குழம்பிப் போயிருக்காங்க டீச்சர்" என்றேன்.

"குழம்பட்டும்ளா. நாப்பது பிள்ளைக நடுவுல காரணம் தெரியாம நான் ஒருத்தி நின்னேன்லா? இப்ப எல்லாரும் நிக்கட்டும்" என்றார்.